குழி காத்த பேரவை

மனித குலம் பாதை போடக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மன்னர்கள் போட்டார்கள். வெள்ளைக்காரன் போட்டான். அதன் பிறகு வந்த கான்ட்ராக்டர்கள் போட்டதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு மோசமான பாதை நல்ல பாதையாகிக் கெட்டுப்போய்விடாமல் இரவல் மண்வெட்டி வாங்கிக் காப்பாற்றிய அமைப்பு இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'கிழக்குக் கரை நான்கு சக்கர உந்துவண்டி வனப்பாதைப் பராமரிப்புத் தன்னார்வலர் பேரவை'. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்கே அதில் உறுப்பினர் தகுதி உண்டு.

இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். பேரவையின் விண்ணப்பங்கள், தீர்மானங்கள், நன்றி அறிவிப்புகள் அனைத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு இருபத்தாறு வருடமாக மனு எழுதுகிறேன். பெயர் சிவஞானம். 'கீழே கையொப்பமிட்டுள்ள' என்று நான் ஆரம்பித்தால், எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு முதுகு தானாக நிமிரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு வண்டிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தொகுப்பு வீட்டின் அளவு. சக்கரம் என் மேசையைவிட உயரம். கூரைமேல் கூடாரம், ஏணி, கோடாலி. முன்பக்கம் யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் வானத்தைப் பார்த்தது. கழுத்து முங்கும் தண்ணீரில் போனாலும் வண்டி அந்தக் குழாய் வழியாக மூச்சு விடுமாம். மரக்காணத்துக்கு அந்த வண்டிகள் ஈசிஆரில், மழைத்துளிகூட இல்லாத தார் ரோட்டில் வந்திருந்தன.

தலைவர் சித்தார்த்தன் இறங்கினார். சென்னையில் ஒரு கம்பெனியில் 'உத்தி' பார்க்கிறவர். என்ன உத்தி என்று நான் கடைசிவரை கேட்கவில்லை, அவரும் கண்டுபிடித்திருந்ததாகத் தெரியவில்லை.

"சார், நடுத்திட்டு பக்கத்துல காட்டுக்குள்ள ஒரு டிரெயில் இருக்கு. அதை நாங்க வாலன்டியரா மெயின்டெய்ன் பண்ணப் போறோம். பர்மிஷனுக்கு ஒரு லெட்டர் வேணும். தமிழ்ல. கொஞ்சம் வெயிட்டா."

அவர் டிரெயில் என்று சொன்னதை நாங்கள் தடம் என்போம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல், நடுவில் சவுக்கும் பனையும் நிற்கிற காடு. நடுத்திட்டுக்காரர்கள் உப்பளத்துக்கு நடந்து போவதும், உப்பு ஏற்றிய டிராக்டர் வெளியே வருவதும் அந்தத் தடத்தில்தான்.

நான் 'குழிகளைச் சீர்செய்தல்' என்று எழுதினேன். துணைத் தலைவர் கௌதம் எட்டிப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ, சீர் பண்ணக் கூடாது சார். சீர் பண்ணிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

"பராமரிப்புன்னு சொன்னீங்களே."

"ஆமா. இங்க இருக்கிறது எல்லாம் நேச்சுரல் குழி. மழை பெஞ்சா மண்ணு வந்து மூடிக்கும். ஜனங்க வேற ஓலையைப் போட்டு மூடிடுறாங்க. அதை க்ளீன் பண்ணி, பழைய ஆழத்துக்குக் கொண்டு வரணும். வண்டி ஒரு பக்கமா சாயணும். சாய்ஞ்சாத்தான் குழி ஹெல்தியா இருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் புரிந்தது. 'வனப்பாதைக் குழிகளை அவற்றின் தொன்மை கெடாமல் பேணிக் காத்தல்' என்று எழுதினேன். சித்தார்த்தன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். காட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, அவர்கள் விளம்பரம் விரும்பாதவர்கள். அங்கே என் மனுக்கள் சில பத்தாண்டுகளாக ஓய்வெடுத்து வருகின்றன. 'தொன்மை' மட்டும் எட்டே நாளில் அனுமதியாகத் திரும்பி வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொண்டு நடந்தது. முதலில் பிளாஸ்டிக் அகற்றம். மூன்று பாட்டில்கள் கிடைத்தன. பதினான்கு பேரும் ஆளுக்கொரு முறை அந்த மூன்றையும் அகற்றி, தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆவணப் பொறுப்பாளர் கீதாஞ்சலி அதை 'நாற்பத்திரண்டு பாட்டில்கள்' என்று பதிவிட்டார். கணக்குச் சரிதான். பிறகு குழி பேணுதல். மொத்தம் மூன்று குழிகள். அவற்றுக்கு 'அனகோண்டா', 'பாதாளம்', 'மேனேஜர்' என்று பெயர் சூட்டினார்கள். மேனேஜர்தான் ஆழம் அதிகம். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கும் என்பார் கௌதம்.

நடுத்திட்டு சகாதேவனுக்கு இந்தத் தொண்டின் அருமை தெரியவில்லை. அவரும் அவர் மனைவி அம்சவள்ளியும் ஆறு பாத்தி உப்பளத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர்கள். டிராக்டர் மாட்டிக்கொள்கிறதே என்று அவர் மேனேஜரை மண்ணும் பனை ஓலையும் போட்டு மூடினார். அடுத்த ஞாயிறு பேரவை தோண்டியது. அவர் மறுபடி மூடினார். மூன்றாவது முறை அவரைக் கையும் மண்வெட்டியுமாகப் பிடித்தார்கள். நான் சாட்சி.

"அண்ணா, இது ஹெரிட்டேஜ் குழி. இப்பிடி மூடலாமா?" என்றார் சித்தார்த்தன், மிகுந்த வருத்தத்துடன்.

"டிராக்டர் மாட்டிக்குதுப்பா. போன வாட்டி உப்பு மூட்டைய தலையில தூக்கிக்கினு வந்தோம்."

"டிராக்டருக்குக் கஷ்டம்தான். டூ வீல் டிரைவ். நீங்க ஏன் ஃபோர் வீல் டிரைவ் பத்தி யோசிக்கக் கூடாது?"

சகாதேவன் கொஞ்ச நேரம் யோசித்தார். "யோசிக்கலாம். யோசிச்சிக்கினே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். 'பாரம்பரியக் குழி ஆக்கிரமிப்பு' என்று அன்று மாலையே நான் ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொற்றொடர் எனக்கே பிடித்திருந்தது.

ஆனி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பேரவையின் 'மழைக்காலச் சவால்' நடப்பதாக இருந்தது. மழைக்காலத்தில் அதை ஏன் நடத்துவதில்லை என்றால், மழைக்காலத்தில் மழை பெய்யும், உறுப்பினர்கள் வர மாட்டார்கள். ஆனால் ஆனி வெயிலில் சவால் விட ஒரு கரண்டி சேறுகூட இல்லை. அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. சவுக்கு நிழலில் மடக்கு நாற்காலிகள். பொருள்: 'சேறு இருப்பு நிலவரம்'.

"டிரோன்ல ஒண்ணு பார்த்தேன்" என்றார் கீதாஞ்சலி. "காட்டை ஒட்டி ஒரு குளம் மாதிரி இருக்கு. ஆனா தண்ணி பிங்க்கா இருக்கு."

மடக்கு நாற்காலிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"பிங்க்கா?"

"சிவப்புன்னே சொல்லலாம். ஒரு மீன் இல்ல, ஒரு பாசி இல்ல. கரையெல்லாம் நுரை."

சித்தார்த்தன் தொப்பியைக் கழற்றினார். "பொல்யூஷன்."

"பக்கத்துல ஃபேக்டரி எதுவும் இல்லையே" என்றார் கௌதம்.

"அதான் பயமா இருக்கு. ஃபேக்டரியே இல்லாம பண்றாங்கன்னா எவ்வளவு பெரிய ஆளுங்களா இருக்கணும்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். உப்பளத்தில் தண்ணீரை எடுத்தவுடன் உப்பாக்க முடியாது. பெரிய பாத்தியில் நிறுத்தி நாற்பது நாள் வெயிலில் வற்ற வைக்க வேண்டும். வற்ற வற்றத் தண்ணீர் முத்தும், முத்தினால் சிவக்கும். சிவந்தால் திறந்து சின்னப் பாத்திகளுக்கு விட வேண்டியதுதான், ஒரு வாரத்தில் உப்பு பூத்துவிடும். கீதாஞ்சலி பார்த்தது அம்சவள்ளியின் தண்ணீர். சித்திரையில் அடித்த கோடை மழையில் அவளுடைய முதல் தண்ணீர் நீர்த்துப் போயிருந்தது. இது இரண்டாவது, இந்த வருடத்துக்குக் கடைசி. அளத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர் மரியதாஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஆனி முடிவதற்குள் கரையில் உப்பைக் குவித்துக் காட்டாதவர்களுக்கு மறு வருடம் அளம் கிடையாது. பதினோரு வருடமாகச் செய்த அளம் அம்சவள்ளியிடம் நிற்குமா போகுமா என்பது அந்தச் சிவப்புக்குள் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மரக்காணத்தில் பிறந்தவன், தெரியாமல் இருக்குமா? ஆனால் தீர்மானம் எழுதுகிறவன் கூட்டத்தில் குறுக்கே பேசக் கூடாது என்பது தொழில் தர்மம். அதோடு அந்த நேரம் பார்த்து சூடாக வடை வந்தது.

'செந்நிற மாசுநீரை அதன் தற்போதைய இடத்திலிருந்து மீட்டு, வனப்பாதைக் குழிகளில் பாதுகாப்பான பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதென இப்பேரவை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது' என்று எழுதினேன். கைதட்டினார்கள். எனக்கா, மாசுநீருக்கா என்பது தெளிவாகவில்லை.

சனிக்கிழமை அம்சவள்ளி வீட்டார் ஒரு காதுகுத்துக்காகப் பெருமுக்கல் மலைக்குப் போயிருந்தார்கள். அன்று இரண்டு டீசல் எஞ்சின்களும் இருநூறு மீட்டர் குழாயும் வைத்து மீட்புப் பணி நடந்தது. மதியத்துக்குள் பாத்தியில் களிமண் மட்டும் மிச்சம். அனகோண்டா, பாதாளம், மேனேஜர் மூன்றும் நிறைந்து வழிந்தன. வழிந்தது சவுக்கு மரங்களின் வேருக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சவால். ஏழு வண்டிகளும் செஞ்சேற்றில் இறங்கின, ஏறின, சாய்ந்தன, சிக்கின, ஒன்றையொன்று கயிறு கட்டி இழுத்தன. வெளியே வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். போருக்குப் போய்த் திரும்பியவர்கள்கூட அவ்வளவு உருக மாட்டார்கள். முந்தின நாளே டேங்கரில் பிடித்து வைத்திருந்த மீதி 'மாசுநீரை' அடுத்த வாரச் சேற்றுக்காகக் குழிகளில் நிரப்பிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இங்கேதான் இயற்கை பேரவையுடன் கைகோத்தது. உப்புப் பாத்தியின் தரையைக் களிமண் போட்டுப் பதினைந்து நாள் காலால் மிதிப்பார்கள். மிதித்து மிதித்து அது சிமென்ட் மாதிரி இறுகும். அப்போதுதான் தண்ணீர் கீழே இறங்காது. அந்தப் பதினைந்து நாள் வேலையை, தலைக்கு இரண்டு டன் எடையுள்ள ஏழு வண்டிகள் ஒரே நாளில் முடித்திருந்தன. மரக்காணம் கண்டிராத நேர்த்தியான மூன்று பாத்திகள் காட்டுக்குள் தயாராகிவிட்டன. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பேரவை வந்து இறங்கியபோது குழிகள் வெள்ளை வெளேரென்று பளபளத்தன.

"ஸ்னோ" என்றார் கீதாஞ்சலி, மூச்சு வாங்க. 'மரக்காணத்தில் பனி' என்ற வீடியோ பத்து நிமிடத்தில் போய்விட்டது.

சித்தார்த்தன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் இறுகியது. "கெமிக்கல்."

கௌதமும் தொட்டுப் பார்த்தார். "எனக்கு உப்பு மாதிரி இருக்கு."

"சோடியம் குளோரைடு. அதைத்தானே நானும் சொல்றேன்."

'மாசுநீரிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த முதல் தன்னார்வ அமைப்பு' என்று அன்றே ஒரு செய்திக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வண்டிகளின் அடிவயிறு ஒரே வாரத்தில் துருப்பிடித்துப் பழைய அரிவாள்மணை நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் களத்தில் பெற்ற காயம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்சவள்ளி என் மேசைக்கு வந்தாள். ஒரு வாரம் அவள் காலிப் பாத்திக் கரையிலேயே போய் உட்கார்ந்திருந்ததாகச் சகாதேவன் சொல்லியிருந்தார். இப்போது கண்ணில் வெளிச்சம்.

"அண்ணா, என் தண்ணிய காட்டுல ஊத்தினாங்களே, அங்க உப்பு பூத்துக்கினு இருக்குதுண்ணா. கல்லு கல்லா. என் பாத்தியிலகூட இப்பிடி வெளஞ்சதில்ல."

"அப்ப வாரிக்க வேண்டியதுதானே?"

"காட்டுல ஒரு சுள்ளி பொறுக்கினாலே எந்த ஊருன்னு கேக்கறாங்க. நாள பின்ன பேச்சு வரக்கூடாது. ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு மொறையா எடுத்துக்கிறேன். ஒரு நாளு போதும், வாரி என் கரையில குவிச்சிடுவோம். மரியதாஸு வந்து பார்த்தாருன்னா அளம் எங்களுக்கு நின்னுடும். ஒரு மழை விழுந்திச்சின்னா எல்லாம் போச்சு."

முறையாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு குடிமகள் தானாக வந்து சொல்வது அபூர்வம். நெகிழ்ந்துபோய்ப் புதுப் பேனாவை எடுத்தேன். எழுதிப் படித்துக் காட்டினேன்: 'மேற்படி வனப்பாதைக் குழிகளில் விளைந்துள்ள உப்பு முழுவதும் மனுதாரராகிய எனக்கே உரியது. என் உப்புநீரில் விளைந்தது. அதில் வேறு எவருக்கும் எவ்விதப் பங்கோ பாத்தியதையோ கிடையாது.'

"அவங்க எஞ்சின் வெச்சி எறைச்சத எழுதலையாண்ணா?"

"ஏம்மா, அடுத்தவங்க மேல குத்தம் சொன்னா விசாரணைம்பான், ரெண்டு பக்கமும் கூப்பிடுவான், ஆடி பொறந்துடும். உரிமைய மட்டும் நெத்தியடியா சொல்லிடணும். வேல ஒரே நாள்ல முடியும்."

இது அனுபவ ஞானம். பேரவையும் என்னிடம் எழுதிக்கொள்கிறவர்கள்தான் என்பது இதில் குறுக்கிடவே இல்லை என்று சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். அம்சவள்ளி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து வனவர் பஞ்சநாதன் நேரில் வந்தார். குழிகளைப் பார்த்தார். குழிகளைச் சுற்றி நாற்பத்தொரு சவுக்கு மரங்கள் பழுப்பேறி நிற்பதையும் பார்த்தார். நாற்பத்தொரு மரம் என்றால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பேரவை கோப்பை நீட்டியது: அனுமதி, தீர்மானம், செய்திக் குறிப்பு, வண்ணப் படங்கள். எல்லாமே தொன்மையும் மீட்புமாக இருந்தன. சகாதேவன் தன் காலிப் பாத்தியைக் காட்டினார். காலிப் பாத்தியைக் கோப்பில் சேர்க்க வழியில்லை.

"இந்த உப்பு யாரோடது?" என்றார் பஞ்சநாதன்.

"என்னுதுங்க" என்றாள் அம்சவள்ளி.

"நிச்சயமா?"

"எழுதியே குடுத்திருக்கேங்க சார்."

"ரொம்ப நல்லது" என்று அவர் குறித்துக்கொண்டார்.

அதே வாரம் மரியதாசும் வந்து பார்த்தார். கரையில் உப்பு இல்லை. காட்டுக்குள் போய்ப் பார்த்தார், இருந்தது. "காருக்காரனுங்க எட்டு நாள்ல எடுத்திருக்கானுங்கப்பா, அதுவும் ரோட்டுக் குழியில" என்று வியந்து, அடுத்த வருடத்துக்கு அந்த ஆறு பாத்தியையும் பேரவைக்கே விடுவதாகச் சொல்லிவிட்டார். 'உப்பளச் சவால்' என்ற பெயரில் ஒரு தீர்மானம் நான் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.

ஆனி கடைசியில் அம்சவள்ளிக்கு நோட்டீஸ் வந்தது. பிரிக்காமல் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன்.

'வனப்பாதைக் குழிகளில் விளைந்துள்ள உப்பு முழுவதும் தனக்கே உரியதென்றும், அதில் வேறு எவருக்கும் எவ்விதப் பங்கோ பாத்தியதையோ கிடையாதென்றும் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், பாதுகாக்கப்பட்ட வனத்தில் அனுமதியின்றி உப்பளம் நடத்தியதும், செந்நிற மாசுநீரைப் பாய்ச்சி நாற்பத்தொரு மரங்களைப் பட்டுப்போகச் செய்ததும், குழிகளின் தொன்மையைக் கெடுத்ததும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. உப்பு பறிமுதல் செய்யப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.' கெட்டுப்போன குழிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு, துறை அனுபவமுள்ள பேரவையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அம்சவள்ளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "உப்பு வெளஞ்ச பேரு அவங்களுக்கு. கேஸு எனக்கா?"

"சட்டம் அப்பிடித்தான்மா பாக்கும்."

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எந்தப் பக்கமும் நுழைஞ்சி வெளிய வர முடியல. பின்னாடி இன்னொரு பேப்பரு இருக்குதே, அது என்னாண்ணா?"

இணைப்பு. பேரவையின் தீர்மான நகல். தொழில் பழக்கம், எடுத்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். செந்நிற மாசுநீர், மீட்பு, ஏகமனதாக, இடம், தேதி எல்லாம் படித்தேன். அதே வேகத்தில் 'தீர்மானம் எழுதியவர்: சிவஞானம், மனு எழுத்தர், மரக்காணம்' என்பதையும் படித்துவிட்டேன்.

ஜெராக்ஸ் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தத் தாளை வாங்கி, என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"தண்ணி செவந்தா என்னான்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும்மா. ஆனா கூட்டத்துல..."

"சரி."

"பதில் மனு போட்டுடலாம்மா. நான் நல்லா..."

"வேணாம். பதிலு நானே எழுதிக்கிறேன். கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒரு பேப்பரு குடுங்க. அந்தப் பேனாவும்."

கொடுத்தேன். என் மேசையின் அந்தப் பக்கத்தில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுத ஆரம்பித்தாள். இருபத்தாறு வருடமாகத் தலைகீழாகவும் படித்துப் பழகியவன் நான். தண்ணீரை எடுத்தவர்கள் என்று முதல் வரி. கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டாள். இரண்டுக்கு நேராகச் சித்தார்த்தன் பெயர் வந்தது. ஒன்றுக்கு நேராக ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

அம்சவள்ளி நிமிர்ந்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. மனு எழுதும்போது நான் எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டாள்.

"உங்கப்பா பேரு என்னாண்ணா?"